சீர்த்தட்டில் ஏறிய கிளட்ச் பிளேட்

தங்கச்சி மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனாகப் போன ஒருவன், சீர்த்தட்டு சுமந்து வந்த பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய்த் தட்டை மோந்து பார்த்தான் என்று உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான். அந்தத் தாய்மாமன் நான்தான்.

மறுக்கவும் வழியில்லை. மேலே ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்துக் காதுகுத்தில் கறிச்சோற்றுக்கு உப்புக் குறைந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், ட்ரோன் இல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். வீடியோக்காரர் அந்தக் காட்சியை வெட்டாமல் விட்டதோடு, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் நாதஸ்வரமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தில் ரோஜா மாலை. மாலைக்கு மேலே என் மூக்கு. அது ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நகர்கிறது. அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மேலூரில் ஒரு பெண் வீட்டார் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகத்தை நாங்கள் இன்னும் கொடுத்திருக்கவே இல்லை.

நான் தேடியது எஞ்சின் ஆயில் வாசனையை. அந்த ஊர்வலத்தில் ஏதோ ஒரு தட்டில், சிவப்பு ஜிகினாத் துணிக்கு அடியில், ஒரு மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிளேட்டுகளும் பல்சக்கரமும் செயினும் போய்க்கொண்டிருந்தன. அவை என் கைக்கு வந்து சேராவிட்டால் என் தங்கச்சி புகுந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

இதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என்னை முழுப் பைத்தியம் என்று நினைக்க மாட்டீர்கள்.

உங்க வீட்டு வண்டி

ராணி என் ஒரே தங்கச்சி. உசிலம்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பெயர் ஜெயபாண்டி. மானாவாரி நிலம், மாடு கன்று என்று குறைவில்லாத வீடு. கல்யாணத்தில் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தோம். எங்கள் பக்கம் வரதட்சணை வாங்குகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் சீர்தான் வாங்குவார்கள். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கொடுக்கும்வரை காபியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

வண்டி கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு கோடையில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆயில் மாற்றாமல் ஓட்டியது மாப்பிள்ளை. பழி மட்டும் நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து காளவாசலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வண்டியை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அதன் சீட்டில் ஒரு கோழி அடை காத்து, குஞ்சும் பொரித்தது.

வண்டி நின்றதுகூடப் பரவாயில்லை. நின்றபின் மாப்பிள்ளைக்கு ஒரு பேச்சு பிடித்துக்கொண்டது. மிக்ஸி ஓடாவிட்டால், “உங்க வீட்டு வண்டி மாதிரியே நிக்கிது.” கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால், “உங்க வீட்டு வண்டிதான்.” ஒரு நாள் பால் திரிந்ததற்கும் இதையே சொன்னாராம். பாலுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. விருந்தாளிகள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். ராணி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஆனால் ஒரு வேடிக்கைப் பேச்சு கையில் அகப்பட்டால் அது தேய்ந்து ஓட்டை விழும்வரை விட மாட்டார். அடி வாங்கினால்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். கேலிக்கு அந்த வசதியும் கிடையாது.

குழந்தை யாழினிக்குக் காது குத்த நாள் குறித்த அன்று, உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், கரண்ட் போய்விட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். “இது என்னத்தா, உங்க வீட்டு...”

ராணி முடிக்கவிடவில்லை.

“காதுகுத்து அன்னைக்கு எங்கண்ணன் அந்த வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து எறங்குவாரு. எறங்கலேன்னா நீங்க ஆயுசுக்கும் இந்தப் பேச்சப் பேசிக்கங்க. எறங்கிட்டாருன்னா, உங்க வீட்டு வண்டிங்கிற சொல்லு இனிமே உங்க வாயில வரக் கூடாது. சம்மதமா?”

இருட்டில் யாரோ கைதட்டினார்கள். மாப்பிள்ளை சபை நடுவில் சம்மதம் என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் அவள் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நான் பாட்டுக்குச் சொல்லிப்புட்டேன். ஓட வச்சிருவேல்ல?”

“வச்சிருவேன்டா” என்றேன். இத்தனைக்கும் மோட்டார் சைக்கிளில் எனக்குத் தெரிந்தது பெட்ரோல் ஊற்றும் இடம் மட்டும்.

சத்தியம் செய்த கை

எனக்குத் தொழில் மூக்குக் கண்ணாடி. கண்ணுக்குப் பவர் பார்ப்பது, பிரேமில் கண்ணாடியைப் பொருத்துவது. கடுகளவு ஸ்க்ரூவைத் தும்மாமல் போடத் தெரிந்தவன் நான். அதே கை மோட்டார் சைக்கிளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடுகு கீழே விழுந்தால் தேட வேண்டும், கிளட்ச் மூடி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் கடைக்குப் பின்சந்தில் பூமிநாதன் மெக்கானிக் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கை. அவன் இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்றுதானே தோன்றும்? அங்கேதான் வில்லங்கம்.

முன்பு ஒருமுறை பூமி அந்த வண்டியைச் சர்வீஸ் செய்து கொடுத்தான். மறுவாரம் மாப்பிள்ளை ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, “நல்ல கார்புரேட்டரக் கழட்டிக்கிட்டு ஓட்டையப் போட்டு அனுப்பிட்டான்” என்று பேசிவிட்டார். டீக்கடைப் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகக் காளவாசலுக்கு வந்தது. பூமி நேராகப் பாண்டி கோயிலுக்குப் போய், ‘இனி அந்த வண்டியில் கை வைக்க மாட்டேன்’ என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். அதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை, ‘இனி அவனோடு பேச மாட்டேன்’ என்று குலசாமி முன்னால் சத்தியம் செய்தார். சாமிகளுக்கு வேறு வேலை இருந்திருக்காது.

“அப்ப நான் வேற மெக்கானிக்கப் பாக்குறேன்” என்றேன்.

பூமிக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் இருக்கும்போது வேற எவன் கையிலயாச்சும் வண்டியக் குடுத்த, நம்ம பழக்கம் அம்புட்டுத்தான் பங்காளி.”

“நீ கை வைக்க மாட்டேங்குறயேடா!”

“கை வைக்க மாட்டேன். வாய் இருக்குல்ல? நீ செய்யி. நான் சொல்றேன்.”

இப்படித்தான், கொட்டகையில் கிடந்த வண்டியைக் காளவாசலுக்கு ஏற்றி வந்து, கண்ணாடிக் கடைக்காரன் எஞ்சின் பிரித்தான். எங்கள் வீட்டு முன்வாசலில் பூமி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். கை தவறிப்போய் வண்டியைத் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வான். மூக்கு அரித்தால்கூட வெளியே எடுப்பதில்லை, தோளில் தேய்த்துக்கொள்வான். நான் சந்தேகத்துக்குப் போனில் வீடியோ பார்த்தால் கோபம் வந்துவிடும். அந்த வீடியோவில் ஒருவர் இந்தியில் பேசுவார். எனக்குப் புரிந்த சொற்கள் ‘கிளட்ச்’, ‘பாய்சாப்’ இரண்டும்தான். ஆனாலும் அவர் என்னைத் திட்டவில்லை. பூமி திட்டினான்.

ஒரு நாள் ஒரு பெரிய நட்டை இறுக்க வேண்டியிருந்தது. தொங்கிப் பார்த்தும் எனக்கு வலு போதவில்லை. பூமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, கை பைக்குள்ளேயே இருக்க, ஸ்பேனர் மேல் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். நட்டு உட்கார்ந்தது.

உடனே அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது. தொழில் சாமானில் கால் பட்டுவிட்டதே! தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கை வேண்டும். கையோ சத்தியத்தில் மாட்டியிருக்கிறது.

“பங்காளி, எனக்குப் பதிலா நீ வண்டியத் தொட்டு என் கண்ணுல ஒத்து.”

ஒற்றினேன். என் விரல் நிறைய கிரீஸ். அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குக் கண்ணில் சொட்டு மருந்தும் நானே போட வேண்டியதாயிற்று.

ஊறப்போட்ட பிளேட்

எப்படியோ எஞ்சின் சேர்ந்தது. பிஸ்டன் உள்ளே போய்விட்டது, மேல்மூடி உட்கார்ந்துவிட்டது. காதுகுத்துக்கு முதல் நாள் மிச்சம் இருந்தது ஒரே வேலை. எஞ்சினின் சுற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற சாமான்களைத் திரும்பப் பூட்ட வேண்டும். கிளட்ச் பிளேட், முன் பல்சக்கரம், செயின்.

“எஞ்சின் எம்புட்டுக் கத்துனாலும் செயின் இல்லேன்னா வண்டி ஒரு அடி நகராது பங்காளி. நான் வீட்டுல கத்துற மாதிரிதான்” என்றான் பூமி.

புதுக் கிளட்ச் பிளேட்டை வாங்கியவுடன் மாட்டிவிடக் கூடாதாம். அது உளுந்து மாதிரி, ராத்திரி முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊற வேண்டும். காலையில் விடிந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பினால், பத்து மணி நல்ல நேரத்துக்கு உசிலம்பட்டியில் இருக்கலாம் என்பது எங்கள் திட்டம்.

ஊறப்போட அகலமான பாத்திரம் வேண்டும். வீட்டுக் கூடத்தில் சீர்த் தாம்பாளங்கள் அடுக்கியிருந்தன. நல்ல குழிவான காலித் தாம்பாளம் ஒன்றை எடுத்து, ஆயில் ஊற்றி, பிளேட்டுகளை வட்டமாக அடுக்கினேன். நடுவில் பல்சக்கரம். சுற்றிலும் செயின். செயினின் இரண்டு முனையையும் பூட்டுகிற செயின் லாக் நகக்கண் அளவுதான் இருக்கும், தொலைந்தால் போச்சு. அதை மட்டும் ஒரு குங்குமச் சிமிழில் போட்டு அலமாரியில் வைத்தேன். தூசி விழக் கூடாது என்று தாம்பாளத்தின் மேல் சீருக்கு வாங்கிய சிவப்பு ஜிகினாத் துணி ஒன்றை மூடிக் கூடத்திலேயே வைத்தேன்.

மூடிவிட்டுப் பார்த்தால் அழகாகவே இருந்தது. அந்த அழகுதான் என் வாயில் மண்ணைப் போட்டது.

ஒற்றைப்படை

எனக்கு அப்பா அம்மா இல்லை, அப்போது மனைவியும் இல்லை. ஆகையால் சீர் வேலை முழுக்க ஒச்சம்மா அத்தை பொறுப்பில் இருந்தது. அப்பாவுடன் பிறந்தவள். குரல் கோயில் மணி. விடிவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இரட்டைப்படையில் போனால் மறுபடி எடுத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு நடக்கும் எல்லாக் கெடுதலுக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். முதல் நாள் அத்தை அடுக்கியது சரியான ஒற்றைப்படை. காலையில் எண்ணினால் இரட்டைப்படை வருகிறது. ஒன்று கூடியிருக்கிறதே, அது என்ன என்று பார்க்க வேண்டியதுதானே நியாயம்? அத்தைக்குக் குறைவதுதான் தெரியும். கூடுவது அவளுடைய அகராதியில் இல்லை.

“எந்தச் சிறுக்கியோ ஒரு தட்ட விட்டுட்டா” என்று சொல்லி, வாழைப்பழச் சீப்பை வைத்து இன்னொரு தட்டு தயார் செய்துவிட்டாள். கணக்கு ஒற்றைப்படைக்கு வந்தது. கிளட்ச் பிளேட்டும் வேன் ஏறியது.

நான் கண் விழித்தபோது கூடத்தில் ஒன்றுமில்லை. தாம்பாளம் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஆயில் தடம். அத்தைக்குப் போன் போட்டால், வேனுக்குள் பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஆமடா, எல்லாம் பத்திரமா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பூமி ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். நானும் டிரைவரும் மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றினோம். பூமி பைக்குள் கையை விட்டபடி, “மெதுவா, மெதுவா” என்றான். அலமாரியிலிருந்த சிமிழை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செக்கானூரணி, கருமாத்தூர் எல்லாம் பறந்தன. டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பட்டு வேட்டியைக் கட்டினேன்.

தலையில் ஏறினால் ஏறியதுதான்

ஊர் எல்லையில் கொட்டுமேளம் தொடங்கிவிட்டது. என் முகம் போட்ட பிளெக்ஸ் பேனர் ஒன்று கைகூப்பி என்னை வரவேற்றது. ‘தாய்மாமனே வருக’ என்று எழுதியிருந்தது. யார் யாரோ மாலையைப் போட்டு என்னை முன்னால் தள்ளினார்கள். பின்னால் வரிசையாகத் தட்டுகள். எல்லாத் தட்டிலும் ஒரே சிவப்புத் துணி.

அப்போதுதான் மோந்து பார்க்கத் தொடங்கினேன். மல்லிகைப்பூ, சந்தனம், அதிரசம், பட்டாசுப் புகை. ஆயில் வாசனை மட்டும் வரவில்லை. கடைசியில் மூக்கு கண்டுபிடிக்கவில்லை, கண்தான் கண்டுபிடித்தது. ஒச்சம்மா அத்தையின் நெற்றியில் தேன் நிறத்தில் ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. புது எஞ்சின் ஆயில் அப்படித்தான் இருக்கும்.

அத்தை அதை விரலால் வழித்துப் பார்த்து முகம் சுளித்தாள். “பாமாயில்ல சுட்டுப்புட்டான்டா பலகாரக் கடக்காரன். இம்புட்டு எண்ணெயா வடியும்?”

“அத்த, அந்தத் தட்டக் குடு. அது பலகாரம் இல்ல.”

“போடா. இருக்கிறதுலயே கனத்த தட்டு இதுதான். எல்லாரும் பாக்குறாக. ராணி அண்ணன் கனமாச் செஞ்சிருக்கான்னு பேசுறாக.”

“அத்த, அது கிளட்ச் பிளேட்டு!”

“இருக்கட்டும்டா. சீர்த்தட்டு தலையில ஏறிட்டா எறங்குறது சாமி முன்னாடிதான். தாய்மாமன் பின்னாடி வரக் கூடாது, முன்னாடி போ.”

கொட்டுக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் கொஞ்சம் ஆடினேன். அதுவும் ட்ரோனில் இருக்கிறது.

மைக்

மண்டபத்தில் தட்டுகளைச் சாமி படத்துக்கு முன்னால் இறக்கி, ஒவ்வொன்றாகத் துணியை விலக்கினார்கள். மைக்செட்காரர் அறிவித்துக்கொண்டிருந்தார்.

“தாய்மாமன் வக, பட்டுப் பாவாடத் தட்டு ஒண்ணு... அதிரசத் தட்டு ஒண்ணு... கல்கண்டுத் தட்டு ஒண்ணு...”

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போவதற்குள் அத்தை அந்தத் துணியையும் விலக்கிவிட்டாள். மைக் கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது.

“தாய்மாமன் வக... வளையம்... கறுப்பு வளையம் ஒரு அடுக்கு... செயின் ஒண்ணு...”

செயின் என்றதும் பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். “எத்தன பவுனுப்பா?” என்று ஒரு குரல் கேட்டது.

மைக்செட்காரர் நேர்மையான மனிதர். “கிலோவுலதான் சொல்லணும்” என்றார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. “மச்சான்! உங்க வீட்டு வண்டி தட்டுல ஏறியே வந்துருச்சா!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. சோற்றுப் பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

நான் ராணியைப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு காரியம் கேட்டாள், அதையும் ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேனே என்று இருந்தது.

ராணி நேராகப் போய் மைக்கை வாங்கினாள்.

“நல்ல நேரம் இன்னும் முடியல. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம பிள்ளைக்குக் காது குத்த முடியாது. எங்கண்ணன் வண்டியில வந்து எறங்காம மடி குடுக்க மாட்டாரு. அம்புட்டுத்தான்.”

அப்படி ஒரு முடிவை நான் எடுத்திருக்கிறேன் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆசாரி ஊசியைத் துணியில் திரும்பச் செருகினார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன்.

வண்டியிடம் பேசியவர்கள்

பின்பக்கம், கறிச்சட்டி கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், வண்டியை இறக்கி வைத்திருந்தோம். பூமி சொல்லச் சொல்ல நான் பிளேட்டுகளை அடுக்கினேன். ஒரு நார் பிளேட், ஒரு இரும்பு பிளேட், மறுபடி நார் பிளேட். ஊர்வலம் முழுக்க ஆடி வந்ததில் நன்றாகவே ஊறியிருந்தன. ஆனால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட் முடுக்க இரண்டு பேர் வேண்டும். டிரைவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பூமிக்குக் கை இல்லை.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பெரியவர்கள் விரட்டியிருப்பார்கள். “என்ன மச்சான், நேரம் போகுது. எதப் பிடிக்கணும்?”

பிடித்தார். பிடிப்பதில் ஒன்றும் குறையில்லை. வில்லங்கம் பேச்சில்தான்.

“மச்சான், அந்த ஆளுகிட்டக் கேளுங்க, இந்த வாஷர் மேலயா கீழயா?” என்றார். அந்த ஆள் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

“பங்காளி, கீழன்னு சொல்லு” என்றான் பூமி.

“கீழ, மாப்ள” என்றேன் நான்.

எங்கள் பக்கம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக நாய் வழியாகப் பேசிய அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும். நாய் செத்ததும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள்.

கிளட்ச் மூடியைப் பூட்டி, ஆயிலை ஊற்றி, பல்சக்கரத்தையும் மாட்டியாயிற்று. செயினைக் கோக்கும் நேரத்தில் என்னைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். தாய்மாமன் போட்டோவுக்கு மறுப்பு சொல்ல முடியாது. போய்விட்டு ஓடி வந்தால், இரண்டு பேரும் நான் இல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஏ வண்டி, உன் செயின ஒருத்தன் பல்லுல ஏத்தாம உருட்டிக்கிட்டு இருக்கான் பாரு” என்று பூமி பெட்ரோல் டேங்கிடம் சொன்னான்.

“ஏ வண்டி, பின்சக்கரத்தச் சுத்திக்கிட்டே ஏத்தணும்னு முன்னாடியே சொல்லத் தெரியாதா?” என்று மாப்பிள்ளை சீட்டிடம் கேட்டார்.

“ஏ வண்டி, கார்புரேட்டரத் திருடுனவன் பேச்சக் கேக்கலாமான்னு யோசிச்சிருப்பாக” என்றான் பூமி.

மாப்பிள்ளை சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினார். “ஏ வண்டி, அன்னைக்கு ஏதோ வாய் தவறிப் பேசியாச்சு. அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?” என்றார்.

வண்டிதான் பதில் சொல்லவில்லை. நான் குறுக்கே போகாமல் சட்டைப் பையிலிருந்து சிமிழை எடுத்தேன். செயின் லாக்கை மாட்டினால் வேலை முடிந்தது.

சிமிழைத் திறந்தேன். உள்ளே இரண்டு சின்னத் தங்கக் கம்மல்கள் மின்னின.

அதே நேரம் உள்ளே மைக் அலறியது. “தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். கம்மலுக்குப் பதிலா இரும்பு வந்திருக்கு. இதக் குத்துனா பிள்ள காது தாங்காதுன்னு ஆசாரி சொல்றாரு.”

முதல் நாள் அத்தையும் கம்மலை ஒரு சிமிழில் போட்டு அதே அலமாரியில்தான் வைத்திருக்கிறாள். ஆளுக்கொரு சிமிழை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஓடிப்போய்க் கம்மலைக் கொடுத்து லாக்கை வாங்கி வந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். லாக்கின் மூடிய முனை, வண்டி ஓடும் பக்கம் பார்க்க வேண்டும். இதை மட்டும் பூமி வண்டியிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே, “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாப்பிள்ளை ‘உம்’ என்றார். ‘உம்’ பேச்சில் சேராது என்று குலசாமியும் ஒப்புக்கொள்ளும்.

கிக்கரை உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். வெள்ளைப் புகை கக்கி, கறிச்சட்டியெல்லாம் அதிர, வண்டி எழுந்துகொண்டது.

மடி

மண்டபத்துக்குப் பின்னாலிருந்து முன்வாசல்வரை ஓட்டினேன். தூரம் கொஞ்சம்தான். ஆனால் ‘ஓட்டிக்கிட்டு வந்து இறங்குவார்’ என்பதுதானே பேச்சு, எங்கிருந்து என்று யாரும் சொல்லவில்லையே. கொட்டுக்காரர்கள் மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். ராணி வாசலில் நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள்.

யாழினியை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டு வேட்டி முழுக்க ஆயில். காது குத்தியபோது குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்தது. பிள்ளையின் வலிக்காக அழுகிறான் என்று நினைத்து எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

பந்தியில் பூமிக்கு எதிரே மாப்பிள்ளை நின்று பரிமாறச் செய்தார். “ஏ எல, இந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு துண்டு எலும்பு வைக்கச் சொல்லு” என்றார் வாழை இலையிடம். “ஏ எல, போதும்னு சொல்லு” என்றான் பூமி, கையால் மறைக்காமல். அன்றைக்கு அப்போதுதான் அவன் கை பைக்கு வெளியே வந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளை என்னிடம் கையை நீட்டினார். “எங்க வீட்டு வண்டிச் சாவியக் குடுங்க மச்சான்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் ‘எங்க வீட்டு வண்டி’ என்று வந்தது அதுதான் முதல் தடவை. ஓடினால் எங்க வீட்டு வண்டி, நின்றால் உங்க வீட்டு வண்டி. நான் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினேன். நடுவில் ராணியின் கை வந்தது.

“யாரு வீட்டு வண்டி?” என்றாள்.

மாப்பிள்ளை நீட்டிய கையைப் பின்னால் இழுத்தார்.

“பால் திரிஞ்சாக்கூட, ஊரு சனம் முன்னாடி ‘உங்க வீட்டு வண்டி’ன்னுதானே என்கிட்டச் சொல்லிட்டு இருந்தீங்க? ஊரே சாட்சி. எங்க வீட்டு வண்டி என்கிட்டயே இருக்கட்டும்.”

சாவியைச் சேலை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதத்துக்குள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். பூமியாம், போனில்.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் மாப்பிள்ளை பருத்திக்கொட்டை மூட்டையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, இந்த வெயில்ல? வண்டி எங்க?” என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். அதைச் சபை நடுவில் விட்டுக்கொடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

டவுன் பஸ் வந்தது. மூட்டையை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது பின்னாலிருந்து ஹார்ன் சத்தம். ராணி பால் கேனைக் கட்டிக்கொண்டு, முன்னால் யாழினியை உட்கார வைத்து, பஸ்ஸை ஒதுங்கச் சொல்லி முந்திக்கொண்டு போனாள். யாழினி ஜன்னலைப் பார்த்து அப்பாவுக்கு டாட்டா காட்டினாள். மாப்பிள்ளையும் காட்டினார்.